ஓவர் என்றால் எதற்கு மேல்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து கட்டுரைகளை மொழிபெயர்த்து வருகிறேன். 'ஓவர்' என்று தொடங்கும் சொல் வந்தால் 'மிகை' என்று போட்டுவிடுவது என் வழக்கம். ஓவர்ஆக்டிங் என்றால் மிகைநடிப்பு, ஓவர்எஸ்டிமேட் என்றால் மிகைமதிப்பீடு. ஓவர்ஸ்லீப் வந்தபோது 'மிகைத்தூக்கம்' என்று எழுதி, சகிக்காமல் நானே அடித்துவிட்டேன். ஓவர்ஹியர் (பிறர் பேச்சு காதில் விழுவது), ஓவர்கம் (தடையை வெல்வது) போன்றவற்றில் மிகுதிக்கு இடமே இல்லை. இதற்கு விதி ஏதாவது உண்டா? ஹைப்பர், அல்ட்ரா எல்லாமும் இதே சங்கதிதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிகைத்தூக்கத்தை அடித்தது நல்ல காரியம். அதிகாலை நான்கு மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழ வேண்டியவர் ஆறேகாலுக்கு எழுந்தால் அவரும் ஓவர்ஸ்லீப் செய்தவர்தான். தூங்கியது இரண்டேகால் மணி நேரம், இதில் மிகை எங்கே இருக்கிறது? எழ வேண்டிய நேரம் என்று ஒன்று இருந்தது, அதைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான். நாம் இதை 'நேரம் போனது தெரியாமல் தூங்கிவிட்டேன்' என்போம்.

முதலில் உங்கள் விதியைப் பார்ப்போம். ஓவர் என்பதன் அடிப்படைப் பொருள் 'மேலே', 'தாண்டி' என்பதுதான். ஓவர்கோட் மேலே போடுவது, ஓவர்டேக் தாண்டிப் போவது. மிகுதிப் பொருள் இதிலிருந்து கிளைத்தது. ஓவர்ஃபுளோ என்ற சொல்லில் இரண்டும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம்: தண்ணீர் விளிம்புக்கு மேலே வருகிறது, கொள்ளளவுக்கு மேலாகவும் ஆகிறது. சந்தேகம் வந்தால் 'அளவுக்கு மேல்' என்று போட்டுப் பாருங்கள். ஓவர்பே, ஓவர்லோட், ஓவர்குக் எல்லாம் பொருந்தும். ஓவர்ஹியர் பொருந்தாது. நூற்றுக்கு நூறு வேலை செய்யும் சோதனை என்று சொல்லமாட்டேன். ஓவர்சைட் போன்ற போக்கிரிச் சொற்களும் உண்டு. ஒரு குழுவின் ஓவர்சைட் என்றால் மேற்பார்வை. ஒரு குமாஸ்தாவின் ஓவர்சைட் என்றால் கவனப்பிசகு. சுற்றியுள்ள வாக்கியத்தைப் படிக்காமல் அங்கே தப்பிக்க வழியில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'அளவுக்கு மேல்' என்று சொல்லும்போது நாமும் 'மேல்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம், கவனித்தீர்களா? உருவகம் இரு மொழிக்கும் ஒன்றே. ஆனால் ஆங்கிலம் அதை முன்னால் ஒட்டிவிட்டு, எதற்கு மேல் என்பதைச் சொல்லாமல் போய்விடும். தமிழில் 'மேல்' பின்னால் வருகிறது. அதற்கு முன்னால் ஏதாவது ஒன்றை வைத்தே ஆகவேண்டும். வரவுக்கு மேல் செலவு, சக்திக்கு மேல் உழைப்பு, தேவைக்கு மேல் விளக்கம். ஓவர்ஸ்பெண்ட் என்று ஒருவர் எழுதியிருந்தால், அது வரவுக்கு மேலா, ஒதுக்கிய தொகைக்கு மேலா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும். 'மிகைச்செலவு' என்று போடுவது அந்த வேலையிலிருந்து நழுவுவது. சில இடங்களில் அளவைச் சொல்லாமல் விளைவைச் சொன்னாலே போதும். ஓவர்குக் ஆனது 'குழைந்துவிட்டது', ஓவர்ஃபுளோ ஆனது 'வழிகிறது'.

நம் பேச்சில் 'ஓவர்' வேரூன்றியதும் இதனால்தான் என்பது என் ஊகம். 'ரொம்ப ஓவராப் போறே' என்றால் எதற்கு மேல் போகிறாய் என்று விளக்க வேண்டியதில்லை. திட்டுபவருக்கு அது பெரிய வசதி. ஓவர்ரியாக்ட், ஓவர்சென்சிடிவ் போன்ற சொற்களிலும் இதே தந்திரம் இருக்கிறது. கோட்டைக் கிழிப்பவர் சொல்பவர், தாண்டியவர் கேட்பவர். இவற்றை மொழிபெயர்க்கும்போது யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஹைப்பர். கிரேக்க ஹைப்பர், லத்தீன் சூப்பர், ஆங்கில ஓவர் மூன்றும் ஒரே வேர். ஆனால் மருத்துவத்தில் ஹைப்பர் என்றால் கோடு எண்ணில் இருக்கும். ஹைப்பர்டென்ஷனுக்கு, அதாவது இரத்த அழுத்தம் கூடுவதற்கு, 140/90 என்பதே பல காலம் புழங்கிய கோடு. 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அதை 130/80 ஆக இறக்கின. அதே அழுத்தத்தோடு முந்தின நாள் தூங்கப்போன பலர், மறுநாள் அந்தக் கணக்கில் நோயாளிகள். இங்கே 'உயர் இரத்த அழுத்தம்' என்பதே நிலைத்துவிட்டது, அதை மாற்றவேண்டாம். ஹைப்போ என்றால் நேரெதிர், குறைவு. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும், ஜாக்கிரதை.

அல்ட்ராவின் அடிப்படைப் பொருள் மிகுதி அல்ல, 'அப்பால்'. அல்ட்ராவயலட் என்றால் ஊதாவுக்கு அப்பால் உள்ளது. புறஊதா என்று பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர். அவுட்ரேஜ் என்ற சொல்லும் இந்த அல்ட்ராவின் வம்சம்தான், பிரெஞ்சு வழியாக வந்தது. அவுட், ரேஜ் என்று இரண்டாகப் பிரித்தால் தப்பு. முதலில் அதற்கு எல்லை மீறல் என்றுதான் பொருள், கோபம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஒன்றை மறந்துவிட்டேனே. 'இதன் முக்கியத்துவத்தை ஓவர்எஸ்டிமேட் செய்யமுடியாது' என்று ஆங்கிலத்தில் அடிக்கடி வரும். அதை 'மிகைமதிப்பீடு செய்ய இயலாது' என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார். 'எவ்வளவு சொன்னாலும் தகும்' என்று எழுதுங்கள்.

அன்புடன்.