நெடுஞ்சாலையில் நடுங்கும் புதுக் கார்: கடலூரிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் குறிஞ்சிப்பாடியில் வசிக்கிறேன். பதினொரு மாதத்துக்கு முன் புதுச்சேரி ஷோரூம் ஒன்றில் 9 லட்சம் ரூபாய்க்குப் புதுக் கார் வாங்கினேன். பதிவு கடலூரில். வேகம் 85-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மூன்று முறை சர்வீஸுக்கு விட்டேன். இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தார்கள், நடுக்கம் போகவில்லை. இப்போது “டயரில்தான் கோளாறு, டயர் கம்பெனியைக் கேளுங்கள்” என்கிறார்கள். மாற்றுக் கார் கேட்டு வழக்குப் போட முடியுமா? அதற்குப் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் கடலூர் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால், அங்கே தமக்குத் தெரிந்த ஒருவரின் முகவரியைக் கொடுத்து பி.ஒய். 01 என்ற புதுச்சேரிப் பதிவெண் வாங்கியவர்களுக்கு இதில் சிக்கல் உண்டு: ‘ஆர்.சி.யில் புதுச்சேரி முகவரிதானே இருக்கிறது’ என்று எதிர்தரப்பு கேட்கும். உங்கள் வண்டி டி.என். 31, அதாவது கடலூர்ப் பதிவு; அந்தக் கவலை இல்லை.

மாற்றுக் கார் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது இது: பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக வாரன்டி சொன்னால், முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது. ஆகவே கோளாறைக் கண்டுபிடித்து, உரிய பாகத்தைச் செலவில்லாமல் மாற்றித் தர வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். அது முடியாவிட்டால் மாற்று வண்டி அல்லது பணம் திரும்ப வேண்டும் என்றும், இழப்பீடு வேண்டும் என்றும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 39-ஆவது பிரிவு இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது.

இனி நடுக்கத்துக்கு வருவோம். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். ஸ்டியரிங்கில் தெரியும் நடுக்கம் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்து வரும். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றால், இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டைப் பார்க்க வேண்டும். வீல் பேலன்சிங் எடையைத்தான் சரிசெய்யும், வடிவத்தை அல்ல. ரிம் வளைந்திருந்தாலோ டயர் சரியான வட்டமாக இல்லாவிட்டாலோ, மெஷின் பூஜ்யம் காட்டிய பிறகும் வண்டி நடுங்கும். அதற்கு ரிம்மையும் டயரையும் சுழலவிட்டு டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து அளக்க வேண்டும். முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால், குற்றம் அந்தச் சக்கரங்களில்தான் என்று பெரும்பாலும் உறுதி. இவற்றைச் செய்யாமலே டயர் கம்பெனியைக் கைகாட்டியிருந்தால் அது சேவைக் குறைபாடு.

டயருக்குப் பெரும்பாலும் தனி வாரன்டிதான். ஆனால் உங்களுக்கு விற்றது டயரோடு சேர்ந்த கார். விற்பனையாளர், கார் தயாரிப்பாளர், டயர் நிறுவனம் மூவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். பொறுப்பு யாருடையது என்பதை அவர்கள் ஆணையத்தின் முன் பேசிக்கொள்ளட்டும்.

சர்வீஸுக்கு விட்டபோது எழுதித் தந்த மூன்று ஜாப் கார்டுகளையும் இன்றே எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் ‘85-க்கு மேல் ஸ்டியரிங் நடுக்கம்’ என்று இருக்கிறதா, ‘ஜெனரல் செக்கப்’ என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் இன்னொரு முறை போங்கள். சர்வீஸ் அட்வைசரை உடன் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் நாற்கரச் சாலையில் ஓட்டிக் காட்டி, அதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் நடந்ததை அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அலாய் வீல் மாற்றுவது, வெளி மெக்கானிக்கிடம் பிரிப்பது எதுவும் வேண்டாம். வாரன்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நியாயம் தம் பக்கம் இருந்தும் நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்றவர்கள் நிறைய. 38-ஆவது பிரிவின்கீழ் வண்டியைச் சோதனைக்கு அனுப்பக் கேட்டு, புகாரோடு சேர்த்தே ஒரு மனு கொடுங்கள். சோதனைக் கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், வழக்குச் செலவுத்தொகையில் சேர்த்துக் கேட்கலாம்.

வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு ஆண்டு. ஒவ்வொரு ரிப்பேருக்கும் அது புதிதாகத் தொடங்கும் என்று நம்பாமல், முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்தே கணக்கு வையுங்கள். மூவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதியுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. பதில் வராவிட்டால் பதினாறாம் நாள் மனுவைத் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். கோளாறு எதுவென்று தெரியும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 80-க்கு மேல் போகாதீர்கள்.