திருத்தினால் போதுமா, திரும்ப எழுதணுமா?

முதல் நாவலை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் கேட்டவை.

பாலக்கோடு: அக்கா, திருத்துறதும் திரும்ப எழுதுறதும் ஒண்ணுதானே?

இல்லை தம்பி. பழைய பக்கத்தின் மேலேயே அடித்து, சேர்த்து, இடம் மாற்றினால் அது திருத்தம். பழையதை மூடி வைத்துவிட்டு வெற்றுக் கோப்பில் முதல் வரியிலிருந்து போனால் திரும்ப எழுதுவது. கதையை யார் சொல்வது, எங்கே தொடங்குவது, முக்கியப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்ற மூன்றில் ஒன்று மாறினாலும் திருத்தம் தாங்காது.

ஊத்தங்கரை: என்னுது 70,000 சொல். எது தேவைன்னு எப்படி முடிவு பண்றது?

ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல் ஒருமுறை படியுங்கள். அடுத்த வாசிப்பில் காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார், எங்கே, எந்த மாதம், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. உங்கள் அளவுக்கு ஐம்பது காட்சி போல வரும். எட்டுப் பத்துக் காட்சியில் 'என்ன மாறியது' காலியாக இருந்தால் வெட்டுங்கள், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேருங்கள். பாதிக்கு மேல் காலி என்றால் புதுக் கோப்புத்தான். இது என் கணக்கு, சட்டமில்லை.

கிருஷ்ணகிரி: கதை 2001ல நடக்குது. நாயகி கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்குறா. தப்புங்கறாங்களே?

தப்புதான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். 2001இல் அவள் தருமபுரிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் நிற்காது. கிளம்பும் நேரம், பஸ் சார்ஜ், பிள்ளையை யாரிடம் விட்டாள், அன்றைக்குப் போன கூலி எல்லாம் கூடவே நகரும். அப்படியும் இது திருத்தம்தான், ஒன்றிரண்டு காட்சியோடு போகும். ஆனால் அவள் மதியத்துக்குள் வீடு திரும்பியதால்தான் கதையே திரும்புகிறது என்றால் அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். கையோடு மாந்தோப்புக் காட்சிகளின் மாதத்தையும் பாருங்கள். கார்த்திகையில் கிளிமூக்கு மாங்காய் பறிக்கும் நாவல்கள் வருகின்றன. மார்கழி, தையில்தான் பூவே எடுக்கும்.

ஓசூர்: தன்மையில எழுதினதைப் படர்க்கைக்கு மாத்தணும். கம்ப்யூட்டர்ல 'நான்' எல்லாத்தையும் 'அவள்'னு மாத்திட்டா ஆச்சா?

மாற்றிப் பாருங்கள், 'நான்கு மாடு' 'அவள்கு மாடு' ஆகும். 'என்'னை மாற்றினால் 'என்று' 'அவள்று' ஆகிவிடும். 'நானும்', 'எனக்கு' அசையாது. 'வந்தேன்' அப்படியே நிற்கும்.

இதையெல்லாம் கையால் சரிசெய்தாலும் பழைய குரல் போகாது. 'மாமா முகம் சுருங்கியது, என்மேல் கோபம் போல' என்ற வரியில் அந்த 'போல' அவளுடைய ஊகம். படர்க்கையில் அதை வைத்தால் ஊகிப்பது அவளா, கதைசொல்லியா என்று குழம்பும். எடுத்தால் அவள் பயம் போய்விடும். இப்படி வரிக்கு வரி முடிவு வரும், அதனால் திரும்பவே எழுதுங்கள். பழைய அச்சில் ஒரு காட்சியைப் படித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுக் கோப்பில் தட்டுங்கள். வெட்டி ஒட்டக் கூடாது. நாளுக்கு 800 சொல் என்றால் 70,000க்கு மூன்று மாதம்.

பென்னாகரம்: ஒற்றுப்பிழையை முதல்லயே பார்த்துடலாமா?

வெட்டப்போகும் பக்கத்துக்கு ஒற்று எதற்கு? முதலில் காட்சி, பிறகு பத்தி, பிறகு வரி, கடைசியில் மெய்ப்பு, அதாவது ஒற்று, எழுத்துப்பிழை பார்ப்பது. மெருகேற்றிய பக்கத்தை வெட்ட மனசும் வராது.

அரூர்: படிச்ச மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்க.

அவர்கள் சொல்லும் வைத்தியத்தை விடுங்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். மூவரும் 110ஆம் பக்கத்தை ஒட்டியே நின்றிருந்தால், கோளாறு பெரும்பாலும் அதற்கு இருபது பக்கம் முன்னால் இருக்கும்.

காரிமங்கலம்: பழைய பிரதியை அழிச்சிடலாமா?

கூடவே கூடாது. கோப்புப் பெயரில் தேதி போட்டு வையுங்கள், ஒரு நகலை உங்கள் மெயிலுக்கே அனுப்புங்கள். வெட்டியவற்றுக்குத் தனிக் கோப்பு. நாலாம் அத்தியாயத்தில் வெட்டியது பதினொன்றில் தேவைப்படும்.