வாசகர் கேள்வி: பதினாறு வயதில் பந்தைத் தொட்டால் தாமதமா?

கேள்வி: நான் மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் வேலை செய்கிறேன். என் மகனுக்கு வயது 16, உயரம் ஆறடி மூன்று அங்குலம். கொடைக்கானலில் படிக்கும் அவன் இந்த வருடம்தான் கூடைப்பந்து ஆடத் தொடங்கியிருக்கிறான். ‘பத்து வயதில் பந்தைத் தொடாதவன் இனி எங்கே தேறப்போகிறான்’ என்கிறார் என் மைத்துனர். மகனோ, ஐஸ்லாந்தில் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த ஒருவர் பெரிய ஆட்டக்காரர் ஆகியிருப்பதாகச் செல்போனில் காணொளி காட்டுகிறான். அது உண்மையா?
– ஒரு வாசகர், மன்னவனூர்

பதில்: உண்மைதான். அவர் பெயர் திரிக்வி ஸ்னைர் ஹ்லினாசன். ஹ்லினாசன் என்பது குடும்பப் பெயர் அன்று. ‘ஹ்லினியின் மகன்’ என்றுதான் பொருள். நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வதைப் போல அவர்கள் பின்னால் சேர்க்கிறார்கள், அழைப்பதோ சொந்தப் பெயரைச் சொல்லித்தான். ஆகவே நாமும் திரிக்வி என்றே சொல்வோம்.

அவர் 1997 அக்டோபரில் பிறந்தவர். வளர்ந்தது வடக்கு ஐஸ்லாந்தில், பௌர்தர்தாலுர் என்ற நீண்ட பள்ளத்தாக்கின் உட்கோடியில் உள்ள ஸ்வார்டார்கோட் என்னும் பண்ணையில். அங்கே ஆடு வளர்ப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு ஆர்வமூட்டும். கோடை முழுவதும் ஆடுகள் காவலின்றி மலையில் திரிந்து மேயும். செப்டம்பர் வந்ததும் ஊரே கூடி அவற்றை ஓட்டி வந்து வட்டமான ஒரு பெரிய பட்டியில் அடைக்கும். அந்தப் பட்டியைச் சுற்றிப் பண்ணைக்கு ஒன்றாகச் சிறு அடைப்புகள் இருக்கும். ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து, காதிலுள்ள வெட்டு அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பற்றி இழுத்துக்கொண்டுபோய் உரிய அடைப்பில் தள்ளுவார்கள். இந்த வேலையில் வளர்ந்த பிள்ளைக்கு இடுப்புக்கும் காலுக்கும் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டிராது என்பது என் ஊகம்.

மேற்படிப்புக்காக ஆக்குரேய்ரி நகரத்துக்குப் போனபோதுதான், ஏறத்தாழ உங்கள் மகனின் வயதில், அவ்வூர் தோர் சங்கத்தில் அவர் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். அந்த அணி அப்போது இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அதுவே நல்லதாயிற்று என்பேன். பெரிய அணியில் சேர்ந்திருந்தால் புதிதாக வந்த நெட்டைப் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான், சிறிய அணியிலோ தினமும் களத்தில் இறங்கித் தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் கிடைத்தது. 2016இல் தோர் முதல் பிரிவுக்கு ஏறியது. 2017 கோடையில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியின் சிறந்த ஐவரில் ஒருவராக அவர் தேர்வானார். அதே ஆண்டில் ஸ்பெயினின் அப்போதைய சாம்பியனான வலென்சியா அணியிலும் சேர்ந்தார். ஹெல்சிங்கியில் நடந்த யூரோபாஸ்கெட்டில், அதாவது ஐரோப்பிய நாட்டு அணிகளின் கூடைப்பந்துப் போட்டியில், தம் நாட்டுக்காகவும் ஆடினார்.

உங்கள் மகன் பார்த்த காணொளி பெரும்பாலும் இத்துடன் முடிந்திருக்கும். பாடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 2018இல், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். எந்த அணியும் எடுக்கவில்லை. என்.பி.ஏ.வின் டொராண்டோ அணியுடன் கோடைத் தொடர் ஆடிவிட்டுத் திரும்பியவரை, வலென்சியா ஒரு பருவத்துக்கு ஒப்ரதோயிரோ என்ற சிறிய ஸ்பானிய அணிக்கு அனுப்பியது. பிறகு ஸ்பெயினிலேயே சரகோசா அணியில் சில ஆண்டுகள், அதன் பின் பில்பாவோ அணி. 2025 ஏப்ரலில் ஃபிபா ஐரோப்பியக் கோப்பையை வென்ற பில்பாவோ அணியில் அவர் இருந்தார்.

அவர் உயரம் 216 சென்டிமீட்டர், அதாவது ஏழடி ஒரு அங்குலம். வளையமோ 305 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூரத்திலிருந்து பந்து எறிவது அவர் வேலையன்று. தோழனைத் துரத்தி வரும் எதிராளியின் வழியில் தூணைப்போல் நின்று மறிப்பது, உடனே திரும்பி வளையத்துக்கு ஓடுவது, மேலே வரும் பந்தை அப்படியே உள்ளே திணிப்பது, மறுமுனையில் எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவது: இந்த நான்கைத்தான் அவர் திரும்பத் திரும்பச் செய்கிறார். தாமதமாகத் தொடங்கியவர் எல்லாவற்றையும் கற்க முயலாமல், தம் உடம்புக்கு ஏற்ற சிலவற்றைப் பழுதறக் கற்றார்.

ஆறடி மூன்று அங்குலம் நம் ஊரில் உயரம்தான்; ஐரோப்பியக் களத்தில் அது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் கார்டின் உயரம். ஆகவே உங்கள் மகன் திரிக்வியைப் பார்த்து ஆசைப்படலாம், அவர் ஆட்டத்தை அப்படியே பின்பற்ற முடியாது. பந்தைக் கையாளும் பயிற்சி அவனுக்கு அதிகம் வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் கூடைப்பந்துக்கும் இடம் உண்டு, 11ஆம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள். திண்டுக்கல் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒருமுறை நேரில் விசாரித்துவிடுங்கள். மைத்துனரிடம் வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கேள்வி: ஐஸ்லாந்திலிருந்து என்.பி.ஏ. வரை போனவர்கள் உண்டா?
– ஓர் ஆசிரியை, பூம்பாறை

பதில்: ஒருவர் ஆடினார், இன்னொருவர் வாசல் வரை போனார். மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாத நாடு அது, நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆடியவர் பியேத்தூர் குட்முண்ட்சன். 218 சென்டிமீட்டர் உயரமான அவரை 1981இல் போர்ட்லண்ட் அணி தேர்ந்தெடுத்தது. பிறகு லேக்கர்ஸ், சான் அன்டோனியோ அணிகளிலும் ஆடினார். ஆனால் என்.பி.ஏ.வில் ஆடியவர்கள் நாட்டு அணிக்கு ஆடக் கூடாது என்ற விதி 1989 வரை இருந்ததால், அதுவரை அவரால் ஐஸ்லாந்துக்காக ஆட முடியவில்லை.

வாசல் வரை போனவர் யோன் அர்னோர் ஸ்டெஃபான்சன். டல்லாஸ் அணி 2003இல் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்தப் பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. அங்கே காத்திருக்காமல் ரஷ்யாவுக்குப் போய், 2005இல் தினமோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியுடன் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றார். அடுத்த ஆண்டு இத்தாலியில் நாப்போலியுடன் அந்நாட்டுக் கோப்பை. பின்னர் ஸ்பெயினில் கிரானடா, சரகோசா, மலகா, வலென்சியா எனப் பல ஆண்டுகள். 2014இல் ஐஸ்லாந்தின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. கையால் பந்தெறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் கோலோச்சும் நாடு அது. அவர் அண்ணன் ஓலாஃபுரே 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஹேண்ட்பால் அணியின் தலைவர். 2015இல் பெர்லினில் ஐஸ்லாந்து முதல்முறையாக யூரோபாஸ்கெட்டில் ஆடியபோது யோன் அர்னோர் அதில் இருந்தார். ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. 2021இல் ரேக்யவிக்கின் வலூர் அணியோடு விளையாட்டை நிறுத்திக்கொண்டார்.