மழை நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறச் சிறு பட்டணத்தில் இருக்கிறேன். 38 வருஷம் தோட்டத்து ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. எட்டு மணிக்கு அளப்பதை முந்தின நாள் கணக்கில் எழுதுவது எங்கள் தோட்டத்து வழக்கம். 1991 முதல் எனக்கென்று ஒரு பிரதியும் எழுதி வைத்தேன், வருஷத்துக்கு ஒரு நோட்டு. 2016-இல் ஓய்வு பெற்றபோது பழைய மழைமானியைக் கேட்டு வாங்கி வந்து, தாமான் (குடியிருப்பு) வீட்டுக்குப் பின்னால் நட்டு, இன்று வரை விடாமல் எழுதுகிறேன்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. மழைமானியை மறைக்கிறதென்று அவர் வளர்த்த முருங்கையை வெட்டினேன். அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. ஜொகூர் பாருவில் இருக்கும் மகன், "போனைப் பார்த்தாலே மழை தெரியுதே, பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்ப எல்லாத்தையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடுங்கப்பா" என்கிறான். இந்த வருஷம் இரண்டு தடவை தாமான் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊராட்சி மன்றத்துக்கு மூன்று முறை போனேன். "எதிர்பாராத மழை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் "நமக்கேன் வம்பு" என்கிறார்கள். எங்களோடு இருக்கும் பேரன் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டுப் போனும் கையுமாகக் கிடக்கிறான். வருஷக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால், ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் உதவாமல் ஊருக்கும் உதவாமல் போய்விட்டேனோ என்றிருக்கிறது.
— ஓய்வு பெற்ற கிராணி, பேராக்

பதில்: ஐயா, வணக்கம். நோட்டுகளைப் போட்டுவிடாதீர்கள். பொங்கல் நெருங்குகிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத் (ரப்பர்) தோட்டம். விடியற்காலையில் தூறல் சத்தம் கேட்டால் அம்மா லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வந்து நின்று வானத்தையே பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் பால் பிடிக்கும் மங்கில் இருக்கிற பாலும் போச்சு. ஆபீஸ் பக்கம் போகும்போது கிராணி ஐயா குழலிலிருந்து தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அப்போது அங்குலக் கணக்கு. எங்கள் வீட்டு அரிசியைத்தான் அவர் அளக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒன்றும் தப்பான நினைப்பு இல்லை. ஆகவே, மழையை எழுதி வைக்கும் ஒரு மனிதரைப் பொழுதை வீணடிப்பவர் என்று என்னால் சொல்ல முடியாது.

மகன் போனைச் சொல்கிறார். போன் நல்ல கருவிதான். அது வரப்போகும் மழையைச் சொல்லும், வட்டாரத்தைப் பொதுவாகச் சொல்லும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நேற்று எவ்வளவு விழுந்தது என்று சொல்லாது. நம் ஊர் மத்தியான இடிமழையைத் தெரியாதா உங்களுக்கு? சாலைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் காயப்போட்ட துணிகூட நனையாது. உங்கள் தாமானில் விழுந்த மழைக்கு, தாமானுக்குள் நின்று எழுதப்பட்ட கணக்கு உங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

அது இந்த வருஷம் எதற்கு உதவும் என்பதற்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள்.

மன்றத்தில் "எதிர்பாராத மழை" என்றார்கள். சரி, நோட்டைத் திறந்து பார்ப்போம். இந்த வருஷம் தண்ணீர் புகுந்த இரண்டு நாளும் எத்தனை மில்லிமீட்டர்? அதே அளவு, அல்லது அதற்கு மேல், 2016-க்குப் பிறகு எத்தனை நாள் பெய்திருக்கிறது? அந்த நாட்களில் தாமானில் வெள்ளம் வந்ததா? முன்பு அதே மழைக்கு வராத வெள்ளம் இப்போது வருகிறதென்றால், மாறியது மழை இல்லை, கால்வாய். மூன்று முறை நடந்தும் உங்களால் சொல்ல முடியாமல் போனதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். தோட்டத்து ஆபீஸில் எழுதிய பழைய நோட்டுகளை இதில் கலக்காதீர்கள். அது வேறு இடம், இரண்டு மூன்று மைல் தள்ளினாலே மழை வேறு. கலந்தால் கேள்வி கேட்பவருக்கு ஓட்டை கிடைத்துவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். 20 ஏக்கர் தாமான் ஏறக்குறைய 80,000 சதுர மீட்டர். அதில் 80 மில்லிமீட்டர் கொட்டினால் 64 லட்சம் லிட்டர். அந்த இடம் மரக்காடாக இருந்தபோது மண் ஒரு பங்கைக் குடித்துக்கொண்டது. இப்போது கூரை, சிமெண்டுத் தரை, தார் ரோடு. பெரும்பகுதி ஒரே நேரத்தில் கால்வாய்க்கு ஓடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: தாமானுக்கு மேட்டுப் பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் இருந்தால், அங்கே அண்மையில் மறுநடவு நடந்ததா? செம்பனை 25 வருஷம் போல நின்று, பிறகு விழும். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மூடுபயிர் படரும் வரை மண் வெறுமையாகக் கிடக்கும். மழையோடு இறங்குகிற சேறு கால்வாயின் அடியில் போய் உட்காரும். மேலே பார்த்தால் கால்வாய் அதே அகலம்தான். உள்ளே பாதி ஆழம் இருக்காது.

ஒரு குறையும் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாள் கணக்கு மட்டும் போதாது. 70 மில்லிமீட்டர் இரவெல்லாம் பெய்தால் கால்வாய் தாங்கும், ஒரு மணி நேரத்தில் பெய்தால் தாங்காது. வடிகால் நீர்ப்பாசனத் துறையே, அதாவது நாம் ஜேபிஎஸ் என்கிறோமே அதுவே, மணிக்கு 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் மிகக் கனத்த மழை என்று வகைப்படுத்துகிறது. ஆகவே பெய்யத் தொடங்கிய நேரம், விட்ட நேரம் இரண்டையும் பக்கத்தில் குறியுங்கள். கால்வாய்ச் சுவரில் பெயிண்டால் ஓர் அளவுக்கோடு போட்டு, மழை நாளில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று நேரத்தோடு படம் பிடிக்க வேண்டும். இதற்குத்தான் உங்கள் வீட்டில் போனும் கையுமாக ஒருவர் இருக்கிறாரே.

பேரனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எஸ்பிஎம் முடித்து முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இந்த மாதங்கள் ஒரு மாதிரி அந்தரத்தில் தொங்குகிற காலம். "போனை வை" என்று சொன்னால் வைக்கமாட்டான். "இந்த நோட்டில் இருப்பதைப் போனில் ஏற்றி ஒரு அட்டவணை போட்டுக் கொடுய்யா, தாத்தாவுக்குத் தெரியல" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள், பிள்ளைகளுக்கு நடிப்புத் தெரிந்துவிடும். 2016 முதல் உள்ள நோட்டுகள் மட்டும் போதும். ஒரு வாரம் ஆகலாம். 60 மில்லிமீட்டரைத் தாண்டிய நாட்களையெல்லாம் அவனே சிவப்பில் காட்டிவிடுவான். அவனுக்கு அடுத்த வருஷம் 18 ஆகும் என்று நினைக்கிறேன். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாக ஏறிவிடுகிறது. ஆனால் மைகார்டில் (அடையாள அட்டையில்) எந்த முகவரியோ அந்தத் தொகுதிக்குத்தான் ஏறும். அவன் அட்டையில் இந்த வீட்டு முகவரி இருக்கிறதா, அப்பாவின் ஜொகூர் முகவரி இருக்கிறதா? இடித்துத் தள்ளிய லயத்து முகவரியோடு இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பதிவிலாகாவுக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். அவனை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

மன்றத்துக்கு நான்காம் முறை போகும்போது வாயால் சொல்லாதீர்கள். மலாயில் ஒரே பக்கம் கடிதம்: இன்ன தேதி இத்தனை மில்லிமீட்டர், வெள்ளம் இல்லை, இன்ன தேதி அதே அளவு, வெள்ளம். பேரனின் அட்டவணை, நான்கு படம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சாப்பு (முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கிராணி வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லைதான், ஆனால் சொந்தக் காரியம் என்று வரும்போது நாம் எல்லாருமே இதை மறக்கிறோம். போவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். கட்டியவர் மன்றத்திடம் ஒப்படைத்துவிட்ட தாமானின் உள்கால்வாய் மன்றத்தின் பொறுப்பு, பெரிய வடிகாலும் ஆறும் ஜேபிஎஸ் பொறுப்பு. அடைப்பு எங்கே இருக்கிறதென்று நடந்து பார்த்துவிட்டு அதற்குரிய கதவைத் தட்டுங்கள். தெரியாவிட்டால் இரண்டு கதவையும் தட்டுங்கள்.

நம் ஊரில் மன்ற உறுப்பினருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவேயில்லை. மாநில அரசு நியமிக்கிறது. மூன்று தலைமுறையாக இப்படி இருந்ததால், மன்றம் என்பது வரி கட்டுகிற கவுண்டர் என்ற அளவிலேயே நமக்குப் பழகிவிட்டது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தடவை வீட்டு வரியைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். 1976 ஊராட்சிச் சட்டம் மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க இடம் கொடுத்திருக்கிறது. என்றைக்குக் கூட்டம் என்று கேட்டுப் போய் உட்காருங்கள். பேச விடமாட்டார்கள், பரவாயில்லை. உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்டவர் யார் என்று முகம் தெரிந்துகொள்ளலாம். அவருக்கும் உங்கள் முகம் தெரியும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவருக்கு நாம் ஓட்டுப் போடுகிறோம்.

"நமக்கேன் வம்பு" என்பவர்களிடம் சண்டை வேண்டாம். பயத்தில் சொல்கிறார்கள், அலுப்பில் சொல்கிறார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது எங்கள் அப்பாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி லேசில்லை. அம்மா வாய் ஓயாமல் திட்டினார். கட்டிய சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது என்று கேட்ட அன்று, அந்தத் தோட்டத்தை ஒரு நாளும் பார்த்திராத அம்மா பாயசம் வைத்தார். உங்கள் தெருவில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வீட்டு முன்கால்வாயை மட்டும் தூர்வாருங்கள். நான்கு வீடு வந்தால் போதும். கடிதத்தில் அந்த நான்கு கையெழுத்தும் இருக்கட்டும்.

இனி முருங்கைக்கு வருகிறேன். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை, ஐயா.

மழைமானி திறந்த வெளியில் இருக்கவேண்டும் என்பது உண்மை. பக்கத்திலுள்ள மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதை அவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் "வெட்டினேன்" என்றுதான் இருக்கிறது. "கேட்டேன்" என்று இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கீரை ஒடித்துக் கொடுத்து, காய் பறித்துச் சாம்பாரில் போட்டு, அந்த மரத்தை வைத்து அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். உங்கள் கணக்கு நோட்டில் இருந்தது, அவருடையது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நன்றாக முற்றிய முருங்கைப் போத்து ஒன்று வாங்கி வந்து, வீட்டு முன்பக்கம், மழைமானிக்கு எட்டாத தூரத்தில் அவர் காட்டும் இடத்தில் நடுங்கள். மன்னிப்பை வாயால் கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், கேட்டுவிடுங்கள். நானும் வீட்டுக்காரரும் ஒரு பழைய சைக்கிள் விஷயத்தில் ஏழு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தோம். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்த ஏழு மாதத்தை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

மகனிடம் கோபம் வேண்டாம். மூன்று முறை மன்றத்துக்கு அலைந்து அப்பா தலை குனிந்து திரும்பியதைத் தூரத்திலிருந்து கேட்ட பிள்ளை அப்படித்தான் பேசும். பொங்கலுக்கு வரும்போது நோட்டில் அவன் கல்யாண நாளை எடுத்துக் காட்டுங்கள். அன்று எத்தனை மில்லிமீட்டர் என்று அவனே வாசிக்கட்டும்.

ஜனவரி 1 காலை எட்டு மணிக்கு வழக்கம்போல அளப்பீர்கள். உங்கள் தோட்டத்து வழக்கப்படி அது டிசம்பர் 31-இன் மழை, பழைய நோட்டின் கடைசி வரி. அன்று பேரனை ஊற்றச் சொல்லுங்கள், மனைவியை அளவையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் எழுதுங்கள். மழை இல்லையென்றாலும் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் "இல்லை" என்று எழுதிவிட்டு, மூன்று பேருமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள்.