விலைப் பட்டியலில் ஒரு வரி மட்டும் மாற வேண்டுமா?

கேள்வி: தொண்டியில் மீன் வியாபாரிகளுக்காகத் தினமும் விலைப் பட்டியல் போடுகிறேன். ‘இடம்,படகு,மீன்,விலை’ என்று வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல். லினக்ஸில் செட் (எஸ்-இ-டி; ஃபைலில் எழுத்தைத் தேடி மாற்றும் கருவி) கட்டளை கொடுத்து நண்டு விலையை 350-லிருந்து 380 ஆக்கினால் மற்ற மீன்களின் விலையும் மாறிவிடுகிறது. விலைக்குப் பதில் ஊர்ப் பெயரைத் தேடச் சொன்னால், சில நாள் தொண்டி வரி மாறுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலாவது எளிது. 350 எங்கே இருந்தாலும் 380 ஆக்கு என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அது பாம்பன் வரியில் 350 என்று இருக்கும் கணவாய் மீன் விலையையும் மாற்றும், 1350-ஐ 1380 ஆக்கியும் வைக்கும். நேற்றைய விலையைத் தேடுவதே வேண்டாம். இடம், படகு, மீன் மூன்றையும் தேடி, வரியை முழுசாக மாற்றுங்கள். கட்டளையின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். ‘செட்’டையும் ‘சி’யையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்:

செட் '/^தொண்டி,நாட்டுப்படகு,நண்டு,/சி தொண்டி,நாட்டுப்படகு,நண்டு,380' விலை

கடைசியில் உள்ள ‘விலை’ உங்கள் ஃபைலின் பெயர். ^ என்பது வரியின் தொடக்கம். கடைசிக் காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ‘நண்டு’ என்று தொடங்கும் வேறு பெயர்களும் மாட்டும். ‘சி’ அந்த வரியையே தூக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. விலையை ஸ்கிரிப்டில் (கட்டளைகளை எழுதி வைத்த ஃபைலில்) ஒரு மாறியில் வைத்திருந்தால் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போடுங்கள்.

இப்படிக் கொடுத்தால் விடை திரையில் மட்டும் வரும், ஃபைல் அப்படியே இருக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஃபைலையே மாற்ற, செட்டுக்கு அடுத்து ‘மைனஸ் ஐ’ சேருங்கள். அதை ஒட்டியே, இடைவெளி விடாமல், புள்ளி வைத்து ‘பிஏகே’ என்று எழுதினால் பழைய ஃபைலின் நகலும் மிஞ்சும். விடையை > குறி போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பிவிடுவது மட்டும் கூடாது. செட் படிப்பதற்கு முன்பே ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் நிரல்) அந்த ஃபைலைக் காலி செய்துவிடும்.

அடுத்தது தொண்டி. இங்கேதான் நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ‘த’வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செட்டுக்கு இரண்டும் வேறு சொல். பட்டியலை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு கீபோர்டில் அடித்தால் சில நாள் மட்டும் மக்கர் செய்வது இதனால்தான். மோர்ப்பண்ணைக்கும் இதே வம்பு வரும்; மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் வராது.

சோதித்துப் பார்க்க, ஃபைலிலிருந்து ‘தொண்டி’ என்ற சொல்லை மட்டும் நகலெடுத்து, பிரின்ட்எஃப் கட்டளை வழியாக, பைட்டுகளை எண்ணும் டபிள்யூசி ‘மைனஸ் சி’க்கு அனுப்புங்கள். சேர்ந்த வடிவம் என்றால் 18 பைட், பிரிந்தது என்றால் 21. மருந்து: ஐசியூ என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பில் வரும் யூகான்வ் கருவியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்க்கும்) மாற்றம் கொடுத்து ஃபைலை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது. ஸ்கிரிப்டையும் ஒரு முறை அதே வழியில் ஓட்டிவிடுங்கள். விண்டோஸில் சேமித்த ஃபைல் என்றால் அதற்கு முன், வரி முடிவுக் குறியை லினக்ஸுக்கு ஏற்ப மாற்றும் டாஸ்2யூனிக்ஸும் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று. தேடிய வரி கிடைக்காவிட்டால் செட் வாய் திறக்காது, பிழை என்றும் சொல்லாது. ஆகவே முதலில் கிரெப் என்ற தேடல் கட்டளையில் ‘மைனஸ் க்யூ’ கொடுத்து வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உங்கள் ஸ்கிரிப்டே கத்தட்டும். காலையில் இருபது, முப்பது விலை மாறும் என்றால் செட்டை விட்டுவிடலாம். ஆக் (ஏ-டபிள்யூ-கே) என்ற கருவியில் அன்றைய விலைகளை ஒரு ஃபைலாகவும் பழைய பட்டியலை இன்னொன்றாகவும் கொடுத்து நான்காவது பத்தியை, அதாவது விலையை, மட்டும் மாற்றுவதுதான் என் விருப்பம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வரிகளை அழிக்க வேண்டாம். செட்டில் '/,விசைப்படகு,/எஸ்/^/#/' என்று கொடுத்தால் (எஸ்ஸும் ஆங்கிலச் சிற்றெழுத்துதான்) அவற்றின் முன்னால் # விழும். உங்கள் தேடல் ஊர்ப் பெயரில் தொடங்குவதால் இந்த வரிகளைத் தொடாது. ஜூன் 15 அன்று 'எஸ்/^#//' கொடுத்தால் பழையபடி திரும்பிவிடும்.