பேராசிரியர் பெயரில் ஓர் உதவித்தொகை: மகள் விண்ணப்பிக்கட்டும்

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பள்ளிக் கைப்பந்து அணியில் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். ஒரு கல்லூரியில் நெடுங்காலம் உடற்கல்வியும் மனமகிழ் விளையாட்டுகளும் கற்பித்த பேராசிரியர் பெயரில் பழைய மாணவர்கள் உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அங்கே உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்து அதற்கு விண்ணப்பிக்க மகளுக்கு ஆசை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு, மேனேஜ்மென்ட் கோட்டாவுல இன்ஜினியரிங் சேத்துடு” என்கிறாராம் பெரிய மாமா.

அம்மா, இந்தப் படிப்பில் பிழைப்பு நடக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. மாமா சொல்லும் வழி நியாயமானதல்ல. இன்ஜினியரிங் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. கணக்கென்றாலே ஒதுங்கும் பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளை நகையை அடகு வைத்து அதில் சேர்க்காதீர்கள். அரியர் எழுதப்போவது அவள், வட்டி கட்டப்போவது நீங்கள்.

“ஆடத்தானே போறா” என்பவர்களுக்கு இந்தப் படிப்பு தெரியாது. உடற்கூறியல், உடலியல், விளையாட்டு உளவியல், முதலுதவி, நடுவர் பணி எல்லாம் பாடம். வெறும் மைதானத்தில் 400 மீட்டர் ஓடுதளம் போடச் சொல்வார்கள். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். வளைவில் வெளித்தடம் நீளம் என்பதால், முழுச் சுற்று ஓட்டத்தில் இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அதைக் கணக்கிட்டு, நாடா பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். புத்தகத்தில் பிடிக்காத கணக்கு சில பிள்ளைகளுக்கு மைதானத்தில் பிடித்துப்போகும். நான் பார்த்திருக்கிறேன்.

மனமகிழ் விளையாட்டு என்ற பகுதியையும் லேசாக நினைக்காதீர்கள். பதக்கத்துக்காக அல்லாமல் சின்னப் பிள்ளைகளையும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் விளையாட வைப்பதும் ஒரு தொழில்தான்.

பாதை நீளமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருட இளநிலைப் பட்டத்துடன் நின்றால் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போதாது. அதற்கு மேல் இரண்டு வருட பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் பட்டம் வேண்டும். கல்லூரி வேலை என்றால் உடற்கல்வி முதுநிலைப் பட்டமான எம்.பி.எட்., அப்புறம் கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட். அரசுப் பணியிடம் வருடாவருடம் வராது. தனியார் பள்ளிகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் குறைவு. பயிற்சியாளர் ஆக வேண்டுமானால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ தனி வழி. உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அவற்றையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி உதவித்தொகை. இப்படிப்பட்டவை பெரும்பாலும் வைப்புநிதியின் வட்டியில் நடப்பவை. 5 லட்சம் முதலீடு, 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 35,000 ரூபாய். இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 17,500. கட்டணத்துக்குக் கைகொடுக்கும், முழுச் செலவையும் தாங்காது. காலைப் பயிற்சி விடியும்போதே தொடங்கும், தினம் பஸ்ஸில் போய்வருவது கஷ்டம். விடுதி, காலணி, முட்டை, பால் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். கூட்டியது உங்கள் வருமானத்துக்குள் வரவில்லை என்றால் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் வேறொரு பட்டம் படித்துக்கொண்டே கைப்பந்து ஆடட்டும். தகுதி விதிகளைப் பார்த்துக்கொண்டு பிறகு பி.பி.எட். போகலாம். கடன் மட்டும் வேண்டாம்.

கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்: தொகை ஒரு முறைதானா, வருடாவருடமா? முதல் வருடத்திலேயே கிடைக்குமா? காயம்பட்டு ஒரு பருவம் ஆட முடியாமல் போனால் நிறுத்திவிடுவார்களா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கட்டாயம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் “ஏன் இந்தப் படிப்பு” என்ற இடத்தை அவளே நிரப்பட்டும். மாமாவும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகல் எடுத்து வையுங்கள். உடற்தகுதித் தேர்வு இருக்கும், இன்றிலிருந்தே அவள் ஓடத் தொடங்கட்டும்.