புது லன் ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி: ஸ்டோரேஜில் 5-ஆம் எண்ணில் புதிதாக ஒரு லன் (ஸ்டோரேஜ் ஓர் எண் கொடுத்து சர்வருக்குத் தரும் டிஸ்க்) உருவாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வருக்கு ஒதுக்கினேன். சர்வரில் டிஸ்க் தெரியவே இல்லை. ரீபூட் செய்தால்தான் வருமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து ரீபூட் செய்யாதீர்கள். டிஸ்க் வந்துதான் இருக்கிறது, லினக்ஸ் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஸ்கஸியில், அதாவது சர்வரும் ஸ்டோரேஜும் பேசிக்கொள்ளும் நெறிமுறையில், கேள்வி கேட்பது எப்போதும் சர்வர்தான், ஸ்டோரேஜ் பதில் மட்டும் சொல்லும்.

ஸ்கேன் நடக்கும்போது லினக்ஸ் முதலில் லன் 0-வுக்கு இன்குயரி என்ற கட்டளையை அனுப்பி வெறும் 36 பைட் பதில் கேட்கும். அதில் முதல் பைட்டைப் பாருங்கள்: மேல் 3 பிட் அந்த எண்ணில் சாதனம் உண்டா என்று சொல்லும், கீழ் 5 பிட் அது டிஸ்க்கா டேப்பா என்று சொல்லும். லன் 0-வில் டிஸ்க் எதுவும் ஒதுக்காவிட்டாலும் ஸ்டோரேஜ் அங்கே "இங்கே ஒன்றுமில்லை" என்றாவது பதில் தந்தாக வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வியும் அந்த வாசலில்தான் கேட்கப்படும். அதுதான் ரிப்போர்ட் லன்ஸ். இதற்கு விடையாக, இருக்கிற எல்லா லன் எண்களும் ஆளுக்கு 8 பைட்டாக ஒரே பட்டியலில் வந்துவிடும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இன்குயரி போகும்.

ரிப்போர்ட் லன்ஸ் தெரியாத பழைய சாதனம் என்றால் 1, 2, 3 என்று வரிசையாகத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, நடுவில் ஓர் எண் காலியாக இருந்தால் லினக்ஸ் வழக்கமாக அங்கேயே நின்றுவிடும். உங்கள் 5-க்கு முன்னால் இடைவெளி இருந்து ஸ்டோரேஜும் பழையதாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

ஒதுக்கீடு மாறியதும் ஸ்டோரேஜ் சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அடுத்து ஏதாவது கட்டளை வரும்போது "லன் பட்டியல் மாறிவிட்டது" என்று யூனிட் அட்டென்ஷன் (நிலை மாறியதைச் சொல்லும் ஸ்கஸி அறிவிப்பு) கொடுக்கும். லினக்ஸ் அதைக் கெர்னல் லாகில் ஓர் எச்சரிக்கையாக எழுதிவிட்டு, ஒதுக்கீட்டைத் தானாகச் சரிசெய்ய மாட்டேன் என்றும் அங்கேயே சொல்லிவிடும். லாகைத் திறந்து பாருங்கள், அந்த வரி இருந்தால் கேபிள், ஸோனிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் அமைப்பு) என்று அலைய வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் சாதன விவரங்கள் கோப்புகளாகத் தெரியும் /sys அடைவு) ஸ்கஸி ஹோஸ்ட் அடைவுக்குள் உங்கள் ஹோஸ்டின் (ஸ்டோரேஜுடன் பேசும் அடாப்டர்) ஸ்கேன் கோப்பில், இடையிடையே இடைவெளி விட்டு மூன்று ஹைஃபன் (- - -) எழுதுங்கள். சேனல், டார்கெட், லன் மூன்றிலும் எல்லாவற்றையும் தேடு என்று அர்த்தம். ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக ஓடும் ஸ்கஸி) என்றால் செஷனையே ரீஸ்கேன் செய்யலாம். இரண்டு பாதை இருந்தால் ஒரே லன் இரண்டு டிஸ்க்காக வரும், பயந்து ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டின் அடையாள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, பல பாதைகளை ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டும் மல்டிபாத்திடம் விடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் லன்னின் அளவைக் கூட்டினால் மட்டும் இந்த ஸ்கேன் போதாது, அந்த டிஸ்க்கின் சொந்த ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுத வேண்டும்.